காளிங்கன் வீட்டுக்குப் போயிருந்தோம்

பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறும்போது என் மச்சினன் கையில் ஒரு கிலோ கல்லுப்பு இருந்தது. அல்சூர் கடைத்தெருவில் வாங்கியதாம். "ஆகும்பேயில் அட்டை அதிகம் மாமா, உப்பு போட்டால் விழுந்துவிடும்" என்றான். எனக்கு அட்டையைப் பற்றிய கவலையே இல்லை. ராஜநாகத்தின் ஊருக்கல்லவா போகிறோம்!

ஷிவமொக்கா மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மலைத்தொடர் கடற்கரைப் பக்கமாகச் சரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஆகும்பே. ஆண்டுக்கு ஏறத்தாழ 7000 மில்லிமீட்டர் மழை. பெங்களூரு ஏழு ஆண்டுகளில் பார்ப்பதை அந்த ஊர் ஒரே ஆண்டில் நனைந்து முடித்துவிடுகிறது. நாங்கள் போனது செப்டம்பரில். இறங்கிய அரை மணி நேரத்தில் குடை வேடிக்கைப் பொருளாகிவிட்டது.

எங்களை அழைத்துப்போனவர் பாக்குத் தோட்டக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் அல்சூரிலேயே வளர்ந்தவன் என்பதால் கன்னடத்தில் தடங்கல் இல்லை. "அண்ணா" என்றே கூப்பிட்டேன். காட்டோரமாக ஓடைப் பக்கம் நடந்தோம். முதல் பத்து நிமிடத்தில் கணுக்காலில் ஏழு அட்டைகள். கடிப்பது தெரிவதே இல்லை. அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால், விழுந்த பிறகும் காலுறை சிவந்துகொண்டே இருக்கும். மச்சினன் உப்புப் பையைத் திறந்தான். மழை அதைக் கஞ்சியாக்கிவிட்டது. அண்ணா சிரித்தபடி தன் காலைக் காட்டினார்: புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார்.

பிறகு ஒரு புதர் முன்னே நின்று, "முந்தாநாளிலிருந்து இங்கேதான் இருக்கிறது" என்றார், பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகப்படுத்துகிற தோரணையில். எனக்கு இலைகள் மட்டுமே தெரிந்தன. அவர் குச்சியை நீட்டாமல் விரலால் தூரத்திலிருந்தே சுட்டிய பிறகுதான், இடுப்பளவு உயரக் கிளையில் பாசி நிறத்தில் ஒரு சுருள் பாம்பாக மாறியது. மலபார் குழிவிரியன். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவிலுள்ள குழியால் இரையின் உடற்சூட்டை உணரும். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று ஒரே இனத்தில் பல நிறங்கள் உண்டு. தவளையோ பல்லியோ தானாக வரும்வரை நாள்கணக்கில் ஒரே கிளையில் காத்திருக்கும். அலுவலகத்தில் சிலரை நினைத்துக்கொண்டேன். கடித்தால் பெரும்பாலும் உயிர் போகாது. வலியும் வீக்கமும் படுத்திவிடும். அந்தக் கிளையை நான் பிடித்திருக்கவும் கூடும் என்பது நான்கடி தள்ளி வந்த பிறகே உறைத்தது.

ராஜநாகத்தைப் பற்றிக் கேட்டேன். கன்னடத்தில் அது காளிங்க சர்ப்பம். பாட்டி சொன்ன காளிங்க நர்த்தனக் கதையோடு வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரே போதும். 2024இல் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்த ஆய்வாளர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதற்கு இந்தக் கன்னடப் பெயரையே வைத்தார்கள்: ஓஃபியோஃபேகஸ் காளிங்கா. முதல் சொல்லுக்குப் பாம்புண்ணி என்று பொருள். சாரைப்பாம்பும் நல்ல பாம்பும்தான் அதன் சாப்பாடு. சருகைக் குவித்துக் கூடு கட்டி முட்டையைக் காக்கும் பாம்பும் இதுதான். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர், 2005இல் இங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையம் அமைத்ததற்கும் காளிங்கனே காரணம்.

"கடித்தால்?" என்றான் மச்சினன். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர்கள் நஞ்செடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்த நஞ்சிலிருந்து செய்யும் நம் ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. காளிங்கன் அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணாவோ அலட்டிக்கொள்ளவில்லை. "வீட்டுக்குள் வந்தால் பிடிக்கிறவர்களைக் கூப்பிடுவோம், காட்டில் விடுவார்கள். அடிக்க மாட்டோம், அது தெய்வம்" என்றார்.

அவருடைய பயம் வேறு. உண்ணி. இதே மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட காய்ச்சல், உண்ணி கடித்தால் மனிதருக்கும் வரும். மழை விட்டுக் காடு காயும் மாதங்களில்தான் அதன் ஆட்டம். "பிப்ரவரி, மார்ச்சில் சருகு வாரப் பிள்ளைகளை அனுப்பவே மாட்டேன். பாம்பு வழிவிடும், உண்ணி விடாது." சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். என் கை தானாகக் கழுத்தின் பின்புறத்தைத் தடவியது. மழைக்காலம்தான், தெரியும், இருந்தாலும் தடவியது.

மறுநாள் விடியலில் போனோம். குழிவிரியன் அதே கிளையில், தலையை மட்டும் மறுபக்கம் திருப்பி இருந்தது. காளிங்கன் கடைசிவரை தரிசனம் தரவில்லை. எனக்கு அதில் ஏமாற்றமா நிம்மதியா என்று மச்சினன் பஸ்ஸில் நான்கு முறை கேட்டான். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

மிச்சம் வந்த முக்கால் கிலோ உப்பைக் காயவைத்து, என் மாமியார் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டார்.