இரண்டு நாட்காட்டிகளும் ஓர் ஆட்டோபாஸ் அட்டையும்

சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரில் ஆசிரியராகப் பணிபுரியும் நான் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முதன்முறையாக என் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் போனேன். அதுவரை லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தில் போய்வருவதே வழக்கம். அவ்வாண்டு தைப்பூசம் ஜனவரி 21, திங்கட்கிழமை வந்தது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் தம்பி பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்ததாலும், முழங்கால் வலியுள்ள அம்மாவை இரண்டு சோதனைச் சாவடிகளிலும் இறக்கி ஏற்றி அழைத்துச் செல்வது சிரமம் என்பதாலும் காரை எடுப்பதென்று முடிவு செய்தேன்.

அதற்கான ஆயத்தம் ஒரு மாதத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது. வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வாகனத்திற்குச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, வாகனப் பதிவுச் சான்று, செல்லுபடியாகும் சாலை வரி, சிங்கப்பூரிலும் செல்லுபடியாகும் காப்பீடு ஆகியவற்றின் விவரங்களைக் கொடுத்தேன். ஒப்புதல் மின்னஞ்சலில் வந்தது. அதன் பிறகு ஆட்டோபாஸ் என்னும் அட்டையை வாங்கி அதில் பணம் நிரப்ப வேண்டும். காரின் பதிவெண்ணோடு இணைக்கப்பட்ட அட்டை அது. வேறொரு காருக்கு அதை மாற்றிப் பயன்படுத்த முடியாது. படிவம் நிரப்பிய அந்த வேளையில்தான் இன்னொன்றும் தெரிந்தது: சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே வெளிநாட்டுக் காரை ஓட்டக்கூடாது. ஆகவே வழி நன்றாகத் தெரிந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கைகாட்டலாமே ஒழிய, ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

நம் நெடுஞ்சாலைகளில் டோல் சாவடி வந்தால் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, அட்டையைத் தொட்டு, தடுப்புக்கட்டை உயர்ந்த பிறகு போகிறோம். எவ்வளவு பணம் போயிற்று என்பது கண்ணெதிரே திரையில் தெரிந்துவிடும். சிங்கப்பூரில் அப்படி நிற்கும் இடமே கிடையாது. 1975ஆம் ஆண்டில் நகர மையத்திற்குள் நுழையும் கார்கள் முன்கண்ணாடியில் காகித உரிமம் ஒட்டிச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில் தொடங்கி, 1998இல் மின்னியல் சாலைக் கட்டணமாக, அதாவது எல்லோரும் சொல்லும் இஆர்பியாக, அது மாறியது. சாலையின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. அதன் கீழே வேகம் குறைக்காமலே போகிறோம். உள்ளூர்க் காரென்றால் உள்ளிருக்கும் கருவி ஒரு முறை 'பீப்' என்று ஒலித்துப் பணத்தைக் கழித்துக்கொள்கிறது. சாலை போட்ட செலவைத் திரும்பப் பெறுவது இதன் நோக்கமன்று, நெரிசல் நேரத்தில் சாலைக்கு வரும் கார்களைக் குறைப்பதுதான். அதனால் கட்டணம் இடத்துக்கு இடம், அரை மணிக்கு அரை மணி மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் கட்டணம் இல்லை.

அந்தக் கடைசி விதியைப் படித்தபோது நான் அடைந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. ஜொகூரில் தைப்பூசம் பொது விடுமுறை. சிங்கப்பூரிலோ பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை முருகன் கோயில் வரை அத்தனை பெரிய ஊர்வலம் போகிறது, அன்று விடுமுறை இல்லாமலா இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 1968லேயே தைப்பூசம் அங்கே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வேண்டுதல் உள்ளவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு காவடி எடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது இன்னொரு திங்கட்கிழமை. இதைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

விடிவதற்கு முன்பே புறப்பட்டும் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு சிக்கிக்கொண்டதால், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி, புக்கிட் தீமா, சிலேத்தார் விரைவுச்சாலைகள் வழியாக மத்திய விரைவுச்சாலையில் தெற்கு நோக்கி வந்து சேரும்போது மணி எட்டேகாலுக்கு மேல் ஆகிவிட்டது. பிராடெல் சாலையை நெருங்கும்போது தலைக்கு மேலே அந்தச் சட்டம் தெரிந்தது. அதன் பலகையில் 'இயங்குகிறது' என்னும் பொருள் தரும் ஆங்கில எழுத்துகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"அங்க என்னப்பா எரியுது?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, லீவு நாள், நிறுத்த மறந்திருப்பாங்க" என்றேன். அந்த நாட்டில் அப்படி மறப்பார்களா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உள்கருவி பொருத்தாத வெளிநாட்டுக் கார் கட்டண நேரத்தில் அந்த இரும்புச் சட்டத்தின் கீழே போனால், பதிவெண் படம் பிடிக்கப்பட்டு, அந்த நாளுக்கென்று ஒரே தொகையாக 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) சேர்ந்துவிடும். அன்று ஒரு சட்டத்தைக் கடந்தாலும் ஐந்தைக் கடந்தாலும் அதே 5 வெள்ளிதான். எனவே ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு மற்றச் சட்டங்களைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுவழியில் பெட்ரோலைச் செலவழிப்பதில் பொருளில்லை. இது தெரியாமல் அன்று மாலை திரும்பும்போது நான் சந்துபொந்தெல்லாம் சுற்றி முக்கால் மணி நேரத்தை வீணாக்கினேன்.

கணக்கு முழுவதும் தெரிவது சிங்கப்பூரை விட்டு வெளியேறும் இடத்தில்தான். குடிநுழைவு முகப்பில் உள்ள கருவியில் அட்டையைச் செருகியதும் இஆர்பிக்கு 5 வெள்ளி, பரஸ்பரச் சாலைக் கட்டணம் 6.40 வெள்ளி, அதோடு சாவடிக் கட்டணமும் கழிந்தன. அந்த 6.40க்கு ஒரு கதை உண்டு. 2016 நவம்பரில் மலேசியா, ஜொகூர் வழியாக நுழையும் வெளிநாட்டுக் கார்களுக்கு 20 ரிங்கிட் விதித்தது. அதற்கு ஈடாகச் சிங்கப்பூர் 2017 பிப்ரவரி முதல் இதை வசூலிக்கத் தொடங்கியது. இரு பக்கத்து அரசுகளின் போட்டியில் நடுவில் பணம் கட்டுவது பாலத்தைக் கடப்பவர்கள்.

பெரிய தொகையான நுழைவு அனுமதிக் கட்டணம் அன்று விழவில்லை. ஒரு நாளைக்கு 35 வெள்ளி என்ற அந்தக் கட்டணம், ஓர் ஆண்டில் கார் அங்கே போகும் கட்டண நாள்களில் முதல் பத்துக்கு விலக்கு. ஜனவரி என்பதால் பத்தும் அப்படியே இருந்தன, அதில் ஒன்று தானாகக் கழிந்தது. வார நாள்களில் அதிகாலை 2 மணி முதல் மாலை 5 மணி வரைதான் இந்தக் கட்டணம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக் காலத்தில் நண்பகல் 12 மணிக்கே சலுகை தொடங்கிவிடும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் இரண்டாவது முறையும் நாட்காட்டியால்தான் மாட்டினேன். மார்ச்சில் தம்பிக்குக் குழந்தை பிறந்தது, அம்மா அங்கேயே தங்கிவிட்டார், நான் வாராவாரம் போகலானேன். 2014 முதல் அப்போதுவரை ஜொகூரில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும்தான் வார விடுமுறையாக இருந்தன. என் பள்ளிக்கு ஓய்வாக இருந்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்கு வேலை நாள். காலையிலேயே சாவகாசமாகப் போய்வந்ததில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு விலக்கு நாளைத் தின்றுகொண்டிருந்தது, நான் எண்ணவேயில்லை. பதினொன்றாவது நாளின் இரவு, வெளியேறும் முகப்பில் அட்டையைச் செருகினேன். இருப்பு போதவில்லை என்று திரை காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினேன். அதே பதில். பின்னால் ஏழெட்டுக் கார்கள். முதலில் ஒருவர் விளக்கை மின்னவிட்டார், பிறகு இன்னொருவர் ஹாரன் அடித்தார். அதிகாரி பொறுமையாக, 35ம் 6.40ம் 5ம் சேர்ந்தாலே 46.40, அதற்கு மேல் சாவடிக் கட்டணம் என்று விரலால் எண்ணிக்காட்டி, ஓரமாகப் போய்ப் பணம் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். என் அட்டையில் இருந்தது முப்பதுக்கும் குறைவு.

அதன் பிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜொகூர் பாருவிலேயே ஒரு தே தாரிக் தேநீரோடு காத்திருந்து, 5 மணிக்குப் பிறகே உட்லண்ட்ஸ் முகப்பை அடையும்படி புறப்பட்டு, சனிக்கிழமை இரவு திரும்புவேன். இதில் 35 வெள்ளி மிச்சமாகிறது. ஆனால் அதே எண்ணத்தோடு வருகிறவர்கள் பலர் என்பதால் பாலத்தின் மேல் கழிகிற நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் இலாபம் அவ்வளவு பெரிதில்லை. போகும் முன் அட்டையில் குறைந்தது 60 வெள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதும், சமையலறைச் சுவரில் ஜொகூர் நாட்காட்டிக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் நாட்காட்டி ஒன்றை மாட்டியதும் அப்போதுதான்.

2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூர்க் கார்களின் பழைய உள்கருவிகள் செயற்கைக்கோள் வழி இயங்கும் புதிய கருவிகளாக மாறத் தொடங்கின. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியதால் என் வெள்ளிக்கிழமைச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. தைப்பூசம் மட்டும் தீரவில்லை. அவ்வாண்டு அது பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே விடுமுறை, அங்கே வேலை நாள். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, லார்கினில் 170ஆம் எண் பேருந்து ஏறினேன்.