ஒரு டிஸ்க்கைக் கழற்றிய விதம்

ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் வேறு கணினிகளை, அதாவது மெய்நிகர் இயந்திரங்களை, ஓட்டும் கியூஎமுவில், ஒரு சாதனத்தைக் கழற்றச் சொல்லும் ‘டிவைஸ் டெல்’ கட்டளையை அனுப்பினால் உடனே ஒரு வெற்றுப் பதில் வந்துவிடும். கட்டளையில் பிழையில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. சாதனம் உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்பதைப் பின்னால் வரும் ‘டிவைஸ் டெலீட்டட்’ என்ற நிகழ்வுதான், அதாவது கியூஎமு தானாக அனுப்பும் அறிவிப்புதான், சொல்லும். எங்கள் குழுவில் இதை அறியாதவர் யாரும் இல்லை. இருந்தும், அந்தப் பதிலுக்கும் வராத நிகழ்வுக்கும் நடுவே நடந்த ஓர் உரையாடலை என்னால் இன்னும் மனத்திலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை.

வேலை எளியது: ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும். கட்டளைக்குப் பதில் வந்தது, நிகழ்வு வரவில்லை. மறுபடி அனுப்பியபோது, சாதனம் ஏற்கெனவே கழற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று மறுப்பு வந்தது. டிஸ்க்கைக் கேட்டவர் சேமிப்பகக் குழுவில் என்னைவிட அனுபவம் மிகுந்தவர். அந்த டிஸ்க்கின் உள்ளடக்கத்தைத் தாங்கியிருக்கும் இமேஜ் கோப்பை மற்ற இயந்திரத்தில் மாட்டப் பார்த்து, எழுதும் பூட்டு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு வந்திருந்தார். பூட்டையே அணைத்துவிட்டு மாட்டலாமா என்று கேட்டார். அதை மறுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு இயந்திரங்கள் ஒரே கோப்பில் எழுதி அதைச் சிதைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கியூஎமுவின் 2.10ஆம் பதிப்பில் அந்தப் பூட்டே வந்தது. அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்து இப்படிக் கேட்டார்:

“முழு மெஷினும் உங்க கையிலதானே இருக்கு? நீங்க மாட்டின டிஸ்க்கைக் கழட்ட அதுகிட்ட எதுக்கு அனுமதி கேட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க?”

அது நெறிமுறை சார், உள்ளே ஓடும் இயங்குதளம் ஒத்துழைத்தால்தான் முடியும் என்றேன். “சரி, அதுல யாராவது எழுதிக்கிட்டு இருக்காங்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க” என்றார். தெரியாது என்றேன்.

அந்தத் ‘தெரியாது’ பொய்யில்லை. பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். திரையைப் படமெடுத்தால் வெறும் கறுப்பு. நீண்ட நேரம் விசை தட்டப்படாத லினக்ஸ் திரையும் கறுப்பாகலாம், உறைந்துபோன இயந்திரத்தின் திரையும் கறுப்பாக இருக்கலாம். செயலியின் பதிவேடுகளைக் கேட்டால் நிறுத்த நிலையைக் காட்டும் கொடி 1 என்று இருந்தது. வேலையின்றி, தன்னைக் கூப்பிடும் அடுத்த சமிக்ஞைக்காக, அதாவது குறுக்கீட்டுக்காக, காத்திருக்கும் செயலியும் அப்படித்தான் காட்டும். டிஸ்க்கின் வாசிப்பு, எழுத்து எண்ணிக்கைகளைச் சற்று இடைவெளி விட்டுப் பார்த்தேன், ஓர் எண்கூட மாறவில்லை. அதனால் எழுத்து நடக்கவில்லை என்று சொல்லலாமே தவிர, எழுத வேண்டியது உள்ளே நினைவகத்தில் தேங்கி நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு உள்ளிருந்து பதில் சொல்லும் ‘கெஸ்ட் ஏஜென்ட்’ என்ற நிரல் நிறுவப்படாத இயந்திரம் என்பதால் உள்ளே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதன் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டும் என்னால் படிக்கக்கூடியதாக இருந்தபோதும், ஒரு கோப்பு முறைமை மவுன்ட் ஆகியிருக்கிறதா, அதாவது பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டிருக்கிறதா, என்ற சாதாரணக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவருக்கு இது சாக்குப்போக்காகத் தோன்றியதில் வியப்பில்லை.

நெறிமுறை என்று நான் சொன்னதும் வெறும் வார்த்தை அல்ல. அது 1996ஆம் ஆண்டின் ஐ440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போலச் செய்யும் ‘பிசி’ வகை இயந்திரம். அதில் ஒரு சாதனத்தை நீக்கச் சொன்னால், கியூஎமு அந்த ஸ்லாட்டுக்குரிய பிட்டைக் குறித்துவிட்டு, வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் பொதுமுறையான ஏசிபிஐ வழியாக ஒரு குறுக்கீட்டை எழுப்பும். உள்ளிருக்கும் இயங்குதளம் அதைக் கண்டு, டிரைவரை விடுவித்து, கடைசியில் வெளியேற்றும் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதிய பிறகுதான் கியூஎமு சாதனத்தை அழிக்கும். இயங்குதளம் இன்னும் துவங்காத நேரத்திலோ, அது உறைந்து கிடக்கும்போதோ, இந்த வேண்டுகோளைக் கேட்க உள்ளே யாரும் இல்லை. 6.2ஆம் பதிப்பிலிருந்து, சில வகைச் சாதனங்களில், உள்ளிருப்பவர் கழற்ற முடியாது என்று மறுத்தால் அதற்கென்று ஒரு நிகழ்வு உண்டு. ஆனால் பதிலே சொல்லாமல் இருந்தால் எந்த நிகழ்வும் வராது.

இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று ‘டிரைவ் டெல்’. சாதனம் உள்ளே அப்படியே தெரியும், ஆனால் அதன் பின்னாலிருக்கும் கோப்பை உருவிவிடும். பிறகு உள்ளிருந்து வரும் ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தும் பிழையில் முடியும். எங்கள் இயந்திரங்கள் பழைய ‘டிரைவ்’ முறையில் துவங்கப்பட்டவை என்பதால் அது கைவசம் இருந்தது. (புதிய ‘பிளாக்டெவ்’ முறையாக இருந்திருந்தால், பயன்பாட்டில் இருப்பதை நீக்க முடியாது என்று அதுவே மறுத்திருக்கும், எனக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்காது.) இன்னொன்று ரீசெட்: இயந்திரம் மறுதுவக்கப்படும்போது, நிலுவையில் உள்ள கழற்றல்களைக் கியூஎமு தானாகவே முடித்துவிடும். எதைச் செய்தாலும் பொறுப்பு தன்னுடையது, இயந்திரத்தின் உரிமையாளரிடம் தானே பேசிக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். முதல் வழியை மறுத்தேன், இரண்டாவதைச் செய்தேன். ரீசெட் கொடுத்த கணமே நிகழ்வு வந்தது, பூட்டு விடுபட்டது, டிஸ்க் இடம் மாறியது.

என்னை உறுத்துவது இந்தத் தேர்வுதான். தேங்கி நிற்கும் எழுத்துகள் போய்விடுமே என்ற அச்சத்தில்தான் ‘டிரைவ் டெல்’ வேண்டாம் என்றேன் என்றால், ரீசெட்டும் அவற்றைக் கேட்காமல் அழித்துவிடும். அதோடு முதல் டிஸ்க்கில் தேங்கியவற்றையும் சேர்த்தே அழிக்கும். அப்படிப் பார்த்தால் நான் தேர்ந்தெடுத்ததுதான் பெரிய சேதம். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நியாயம் வேறு: ரீசெட்டுக்குப் பிறகு எழும் இயங்குதளத்துக்குத் தான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பது தெரியும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். டிஸ்க்கை உருவிவிட்டால், அது தொடர்ந்து ஓடிக்கொண்டே, இல்லாத டிஸ்க்கை நம்பி மற்றவர்களுக்கு ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் சொல்லக்கூடும். இது சரியான வாதம்தான் என்று பெரும்பாலான நேரம் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த நிமிடத்தில் இதை யோசித்தேனா, அல்லது ஆவணத்தில் சொல்லப்பட்ட வழி என்ற ஆறுதலுக்காக ரீசெட்டைப் பிடித்துக்கொண்டேனா என்று கேட்டால், பின்னதுதான் உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிறது. மேலும், உறைந்து கிடந்த ஓர் இயந்திரம் யாருக்கு, எதை ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லியிருக்கும்? அது உறைந்துதான் கிடந்ததா என்பதற்கான தடயமும் அதே ரீசெட்டில் அழிந்துபோயிற்று.

டிஸ்க்கைப் புதிய இயந்திரத்தில் மவுன்ட் செய்தபோது, எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை தன் ஜர்னலை மீட்டுவிட்டதாக, இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் ஒரு வரி வந்தது. அதைத்தான் அவர் எனக்கு அனுப்பினார், ஒன்றும் கெடவில்லை என்பதற்குச் சான்றாக. அன்றே உருவியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், இவ்வளவு நேரம் போயிருக்காது என்றும் சேர்த்திருந்தார். அதே வரியை நான் படித்தது நேரெதிராக: ஜர்னல் மீட்பு நடந்ததென்றால் அந்த டிஸ்க் முறையாக அன்மவுன்ட் செய்யப்படவே இல்லை. ‘தெரியாது’ என்று சொன்னது சரிதான் என்று அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. ஆனால் மவுன்ட் ஆகியிருந்த டிஸ்க்கைப் பறித்தவனும் நான்தானே என்ற எண்ணம் அடுத்ததாக வந்தது. இதை அவருக்கு எழுதவில்லை. யாருடைய கோப்பும் காணாமற்போனதாகப் பிறகு புகார் வரவில்லை என்பதால், எழுதினால் வாதத்துக்காக எழுதியது போலிருக்கும்.

பிறகு எங்கள் மேலாண்மை ஸ்கிரிப்ட்டில் ‘கழற்றக் கேட்கப்பட்டது’ என்று ஒரு தனி நிலையைச் சேர்த்தேன். நிகழ்வு வந்தால் மட்டுமே அது ‘கழற்றப்பட்டது’ என மாறும். இவ்வளவு நேரத்துக்குள் நிகழ்வு வராவிட்டால் தானாக ரீசெட் செய்யும் ஒரு தெரிவும் வேண்டும் என்று அவர் கேட்டார். எவ்வளவு நேரம் என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. கியூஎமுவின் இன்னொரு இயந்திர வகையான க்யூ35இல், சாதனங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த முறையில் கழற்றினால், பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கருதி லினக்ஸ் 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் வேலையையே துவங்கும், ஆகவே அதற்குக் குறைவான எந்த எண்ணும் அபத்தம். அதற்கு மேல் எந்த எண்ணை வைத்தாலும் அது ஊகம். தெரிவை எழுதிக் கொடுத்தேன், இயல்பில் அணைந்திருக்கும்படி. தம் குழுவின் இயந்திரங்கள் அனைத்திலும் அவர் அதை 60 விநாடி என்று இயக்கிவைத்திருக்கிறார். அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டு ஒப்புதல் கொடுத்தது நான்தான். என் பொறுப்பிலுள்ள இயந்திரங்களில் இன்னும் இயக்கவில்லை.