பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக முன்

பிரதேச சபை நூலகத்தில் படித்துப் பழகிய உயர்தர மாணவருக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவருக்கும் பல்கலைக்கழக நூலகம் முதல் நாளில் தடுமாற்றமாகவே இருக்கும். இங்கே பத்திரிகை வாசிக்க வரும் பெரியவரும் இல்லை, சிறுவர் பகுதியும் இல்லை. பீடங்களில் எதைக் கற்பிக்கிறார்களோ அதற்குத்தான் நூல் வாங்குவார்கள்.

ஆகவே எங்கே போவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளன. பம்பைமடுவில் இருப்பது 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம். அங்கே பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம். தமிழ், வரலாறு தேடுபவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

பொது நூலகத்தில் அந்தப் பிரதேசத்தில் வசிப்பதை உறுதிப்படுத்தினால் அங்கத்துவம் கிடைக்கும். பல்கலைக்கழக நூலகம் தன் மாணவருக்கும் ஊழியருக்கும் உரியது. வெளியார் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகலாம். முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். பிறகு அதிபரிடமோ கல்வி நிறுவனத்திடமோ நூலகருக்கு முகவரியிட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். 'படிப்பதற்காக' என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயன் குறைவு. 'இரணைமடுக் குள நீர்ப்பாசனம் பற்றிய செயற்றிட்டத்துக்கு' என்று தலைப்பும் வரும் திகதியும் இருந்தால், உதவி செய்பவருக்கும் எந்தப் பகுதியைக் காட்டுவதென்று விளங்கும். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்தில் கதிரை கிடைப்பதே கடினம், அந்த வாரங்களைத் தவிருங்கள். பையை வாசலில் வைக்கச் சொல்வார்கள்; கொப்பியும் பேனையும் கையில் இருந்தால் போதும்.

உள்ளே போனதும் தட்டுகளுக்கு நடுவே அலையாமல் கணினிப் பட்டியலில் தேடுங்கள். பெரும்பாலான விஞ்ஞான நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் 'நீர்ப்பாசனம்' என்று தமிழில் தட்டினால் தமிழ் நூல்கள் மட்டுமே வரும், சிலவேளை ஒன்றும் வராது. தேடும் சொற்களின் ஆங்கில வடிவத்தைக் கலைச்சொல் அகராதியில் பார்த்து முன்கூட்டியே எழுதிக்கொண்டு போவது மிக முக்கியம்.

பட்டியலில் வரும் தூயி தசம எண்ணை (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் எண்) முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதன் கீழுள்ள மூன்று எழுத்துகளோடு. பலர் பிழைவிடும் இடம் இதுதான். விவசாயப் பார்வையில் எழுதிய நீர்ப்பாசன நூல்கள் 631.587இல் இருக்கும். 587 பெரிய எண் என்று நினைத்து 631.6க்கு அப்பால் தேடுவார்கள். இது தசமம், 5 என்பது 6க்கு முந்தியது, ஆகவே 631.587 அதற்கு முன்னால்தான் நிற்கும். வாய்க்கால் கட்டுமானம் போன்ற பொறியியல் நூல்களோ 627.52இல். ஒரே தலைப்பு இரண்டு தட்டுகளில் பிரிந்து கிடப்பதை அறியாதவர் பாதியோடு திரும்பிவிடுகிறார்.

எண் சரியாக இருந்தும் நூல் தட்டில் இல்லையென்றால், அது இரவல் பகுதியில் இல்லாமல் உசாத்துணைப் பகுதியில் இருக்கலாம். பட்டியலில் அதையும் குறித்திருப்பார்கள். வெளியார் எந்தப் பகுதி நூலையும் அங்கேயே இருந்து வாசிப்பதற்குத்தான் பொதுவாக இடம். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆய்வேடுகளை முழுதாகப் பிரதி எடுக்க விடமாட்டார்கள். அவற்றின் கடைசியிலுள்ள உசாத்துணை நூற்பட்டியலைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், அதிலிருந்தே அடுத்த பத்து நூல்கள் கிடைக்கும். பார்த்த நூலை நீங்களே தட்டில் திருப்பி வைக்காதீர்கள், மேசையில் விடுங்கள். ஓர் இடம் மாறி வைத்த நூல் அடுத்தவருக்குத் தொலைந்த நூல்தான்.

கடந்தகால வினாத்தாள், தமிழ்மொழிப் பாடநூல், பொது அறிவு நூல்களுக்கு உங்கள் ஊர்ப் பொது நூலகமே நல்லது.