சபைத் திட்டத்துக்கு மானியம் கேட்கிறீர்களா? முதலில் வரவுசெலவை எழுதுங்கள்

திட்ட முகாமைத்துவ டிப்ளோமாவின் இறுதி ஒப்படைக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களில் கிறிஸ்தவ சபைப் பிள்ளைகள் நிறையப் பேர். "எங்கள் சபையின் சமூகப் பணிக்கு மானியம் கேட்கிற விண்ணப்பமாகவே எழுதலாமா?" என்பார்கள். தாராளமாக எழுதலாம். நானும் அதைத்தான் எழுதினேன், வைவாவும் (வாய்மொழிப் பரீட்சை) நல்லபடியாகவே போனது. அடுத்த அணிக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வரவுசெலவை முதலில் எழுதுங்கள்.

விரிவுரையில் இதைத் தலைகீழாகச் சொல்லித் தருவார்கள். பிரச்சினை, இலக்கு, செயற்பாடுகள், கடைசியில் பணம். வாசிப்பவருக்கு அந்த ஒழுங்கு சரி. எழுதுகிறவர் அதே ஒழுங்கில் போனால் முதல் பத்துப் பக்கமும் பிரசங்கமாகிவிடும். நான் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன், அந்தத் தொழில்புத்தி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "இளைஞர் மத்தியில் விழிப்புணர்வு ஏற்படுத்தல்" என்ற வரிக்கு விலை போட்டுப் பாருங்கள். முடியாது. விலை போட முடியாத வரிக்குள் செய்ய ஒரு வேலையும் இல்லை.

என் திட்டம் சிறியது. கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தோட்டங்கள் என்கிற நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் இருக்கிற சாதாரண தர மாணவர்களுக்கு, வார நாட்களில் மாலையில் சபை மண்டபத்தைப் படிப்பறையாகத் திறந்துவிடுவது. செலவுகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: மேற்பார்வை செய்யும் இரண்டு பேருக்குக் கொடுப்பனவு, மேசை, மின்விசிறி, மின்கட்டணம், கடந்தகால வினாத்தாள்களின் பிரதி, தேநீர், பனிஸ். அப்புறம்தான் ஏழரை மணிக்கு அறையை மூடினால் பெண்பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்ற கேள்வி வந்தது. ஒன்று, பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும், அல்லது ஆறரைக்கே மூட வேண்டும். மூன்றில் எதை எடுத்தாலும் திட்டத்தின் வடிவமே மாறும். செயற்பாடுகளைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி கண்ணில் பட்டிருக்காது.

பிரச்சினையை எழுதும் பகுதியில் பலரும் செய்வது, இல்லாத தீர்வையே பிரச்சினை என்று எழுதுவது. "எங்கள் பகுதியில் கணினி நிலையம் இல்லை" என்றால் அது பிரச்சினை அல்ல, நீங்கள் வாங்க நினைக்கிற பொருள். பிரச்சினையையும் அதன் காரணங்களையும் விளைவுகளையும் பெட்டிகளாகக் காட்டுகிற பிரச்சினை மரத்தை வரையும்போது "இல்லை" என்று முடிகிற ஒவ்வொரு பெட்டியையும் சந்தேகத்தோடு பாருங்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் கிடைக்காததுதான் சிக்கல் என்று சபைக் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். தாய்மாரிடம் கேட்டால் வேறு கதை. டியூஷனுக்கு எப்படியோ அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் ஒரே அறையில் டிவி, அடுப்பு, சின்னப் பிள்ளையின் அழுகை, கொப்பியை விரித்து வைக்க இடமில்லை. படிப்பறை என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. கிராம சேவகரையும் ஒருமுறை பாருங்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை பேர் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறுகிறார்கள் என்ற விபரம் அவரிடமிருந்து வந்தால், "இங்கே ஏழைகள் அதிகம்" என்ற வரி உங்களுக்குத் தேவைப்படாது.

திட்டத்தின் இலக்கு, செயற்பாடு, குறிகாட்டிகளை ஒரே பக்கத்தில் காட்டுகிற லொக்ஃப்ரேம் அட்டவணையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமாக இருந்த யூஎஸ்எயிட்டுக்காக உருவாக்கப்பட்டது, இன்றும் பல நன்கொடை நிறுவனங்கள் ஏதோ ஒரு வடிவில் அதைக் கேட்கின்றன. நான்கு வரிசை, நான்கு நிரல். மாணவர்கள் கடைசி நிரலான எடுகோள்களை, அதாவது நம் கையில் இல்லாத எவற்றை நம்பித் திட்டம் நிற்கிறது என்பதை, அலட்சியமாக நிரப்புகிறார்கள். "மழை பெய்யாது" என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். வைவாவில் என்னைப் பிடித்துக்கொண்டதே அந்த நிரலில்தான். ஒரு வருடத் திட்டத்தின் வெற்றியை ஏன் சாதாரண தரப் பெறுபேற்றால் அளக்கவில்லை என்று கேட்டார்கள். 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 மே மாதக் கடைசியில்தான் தொடங்கியது, பெறுபேறு வரும்போது அந்த வருடமே முடியப்போகிறது, அதை நம்பி இறுதி அறிக்கை எழுத முடியாது என்றேன். அதனால் வருகைப் பதிவையும், பாடசாலைத் தவணைப் பரீட்சையின் கணிதப் புள்ளியையும் குறிகாட்டிகளாக வைத்திருந்தேன். பரீட்சை பிந்தலாம் என்பது எடுகோள் நிரலில் ஏற்கெனவே இருந்தது.

வெளிநாட்டு நிதி என்றால் நாணய மாற்று விகிதத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டாலரில் பணம் வந்த திட்டத்துக்கு ரூபாய் கூடியது, ஆனால் பொருள் விலையும் சேர்ந்து ஏறியது. எந்தத் திகதியின் விகிதம், கூடினால் மிச்சத்தை என்ன செய்வீர்கள், குறைந்தால் எந்தச் செலவை வெட்டுவீர்கள் என்று மூன்று வசனம் போதும்.

சபையின் பங்களிப்பையும் காசாகக் காட்டுங்கள். மண்டபம் இலவசம் என்று எழுதிவிட்டால் அது அட்டவணையில் பூச்சியம். அதே மண்டபத்துக்கு வெளியார் கட்டுகிற வாடகையைக் கணக்கிட்டு, "சபையின் பங்கு" என்ற நிரலில் போடுங்கள். தொண்டர்களின் நேரத்துக்கும் அப்படியே. சபையின் காணிக்கைக் கணக்கும் மானியப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கக் கூடாது. பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கணக்காய்வாளருக்கு அது போதாது.

இனி எல்லோரும் தயங்குகிற இடம். வகுப்பு தொடங்கும்போது ஜெபம் உண்டா? என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்றேன். கொட்டாஞ்சேனையில் சபை மண்டபத்தைத் திறந்தால் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், பௌத்தப் பிள்ளைகள் எல்லோரும்தான் வருவார்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட அனர்த்த நிவாரண நடத்தைக் கோவை, ஒரு அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அது நிவாரணத்துக்கு எழுதப்பட்டதுதான். ஆனாலும் சபைகளின் அபிவிருத்தி வேலையையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்கள். கட்டாய மதமாற்றத் தடைக்கு 2004இல் சட்டமூலம் கொண்டுவரப்பட்ட நாடு இது, அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. எங்கள் சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பிறகு ஏன் சபை இதைச் செய்ய வேண்டும்?" என்றார்கள். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது எந்தக் கோயில் என்று கேட்பதில்லையே என்பது என் பதில். வேதாகமம் வாங்குகிற செலவு, ஞாயிறு பாடசாலைச் செலவு எதுவும் இந்த வரவுசெலவில் இருக்கக் கூடாது. அவை சபையின் சொந்தப் பணத்தில் நடக்கட்டும்.

பிள்ளைகள் வருகிற திட்டம் என்றால் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை ஒரு பக்கமாவது இணைக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, பெற்றோர் கையெழுத்து தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும் படிவத்தில் வாங்க வேண்டும், முறைப்பாடு யாரிடம் போகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை மண்டபச் சுவரில் ஒட்டுவதாக எழுதியிருந்தேன், அதற்குத் தனியாகப் பாராட்டு வந்தது.

சபைக் குழுவின் அனுமதிக் கடிதம், பதிவுச் சான்று, வங்கிக் கூற்று இவற்றைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். பல சபைகளுக்குத் தனிப் பதிவு கிடையாது, தாய்ச்சபையின் கூட்டிணைப்புச் சட்டத்தின் கீழேதான் வரும், அந்தப் பிரதியைத் தலைமையகத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒப்படைத் திகதி ஜனவரியில் என்றால் போதகரின் கையெழுத்தை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பரில் அவரைப் பிடிக்க முடியாது.