ஒகாவா பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று

2011 மார்ச் 11, ஜப்பான் சுனாமி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000 பேருக்கு மேல். அந்த எண் எனக்கு மனதில் நிற்பதே இல்லை. நிற்பது இஷினோமாகியின் ஒகாவா தொடக்கப் பள்ளிதான்.

நிலம் நடுங்கி ஓய்ந்தபின் ஏறக்குறைய 50 நிமிடம் பிள்ளைகளை மைதானத்திலேயே வைத்திருந்தார்கள். பின்னாலேயே குன்று இருந்தது. ஏறியிருக்கலாமே! கடைசியில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது அலை வாரிக்கொண்டது. 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள்.

மகளைத் தேடிய ஒரு தாய், பொக்லைன் ஓட்டக் கற்று உரிமம் வாங்கி, தானே சேற்றைக் கிளறியிருக்கிறார். அப்புறம், 2014-ல், பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலர் போட்ட வழக்கு. பள்ளியும் நகராட்சியும் முன்கூட்டியே சரியான திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019-ல்தான் உறுதிசெய்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை அதற்காக ஐந்து வருடத்துக்கு மேல் அலையவிட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.