லாத்தா பெர்கோ: தகான் ஆற்றின் குணம் தெரிந்து போங்கள்

மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் நீர்வீழ்ச்சி இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டு லாத்தா பெர்கோவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணாந்து பார்க்கிற அருவி அங்கே இல்லை. மலாயில் ‘லாத்தா’ என்றால் பாறைகளின் மேல் படிப்படியாக இறங்கி ஓடும் நீர். ‘ஜெராம்’ என்றால் ஆறு சீறிப் பாயும் இடம். ‘லுபுக்’ என்றால் மடு. லாத்தா பெர்கோ இருக்கும் தகான் ஆறு நெடுக இந்த மூன்றும் மாறி மாறி வரும். ஓர் இடத்தின் பெயரைக் கேட்டாலே அங்கே காலை வைக்கலாமா என்று பாதி தெரிந்துவிடும். உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நல்ல காட்டில், பாறைக்கும் மடுவுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் சும்மா உட்கார ஆசைப்பட்டால், தீபகற்ப மலேசியாவில் இதற்கு ஈடான இடங்கள் குறைவு.

பகாங், திரெங்கானு, கிளந்தான் என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காடு தாமான் நெகாரா. நாம் போவது பகாங் பக்கம். ஜெராண்டுட் பட்டணத்திலிருந்து கோலா தகான் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, சாலை வழியாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கம்பம் தெம்பிலிங் ஆற்றின் இந்தக் கரையில், பூங்கா அந்தக் கரையில். சிறு படகில் கடந்துபோய், அலுவலகத்தில் நுழைவு உரிமச் சீட்டும் கேமராவுக்குத் தனிச் சீட்டும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சோதனைக்குக் கேட்டால் நனைந்து கூழான தாளைக் காட்ட முடியாது.

கடக்கும்போதே ஆற்றுக் கூடலைப் பாருங்கள். தெம்பிலிங் பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும். அதில் வந்து சேரும் தகான், பால் ஊற்றாத தேநீர். குனூங் தகான் மலைப்பக்கமிருந்து வரும் இந்த ஆற்றில் சேறு குறைவு. மட்கிய இலைகளின் சாறு ஊறித்தான் தண்ணீர் பழுப்பாகிறது. அதாவது, தகான் தெளிந்த பழுப்பாக இருந்தால் ஆறு நலமாக இருக்கிறது என்று பொருள். பால் ஊற்றியதுபோல் கலங்கினால், மேலே எங்கேயோ மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இந்த நிறத்தைக் காலையிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

போக இரண்டு வழி. ஒன்று நடை. ஒரு பக்கம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர், மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். பெரும்பாலும் சமதரை, ஆனால் வேர்களும் சேறும் நிறைந்த பாதை. கடைசிக் கட்டத்தில் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். முழங்கால் அளவு நீர் என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாதீர்கள். அது அவர்கள் போன நாளின் கணக்கு. நடப்பவர்கள் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்வதும், விடிந்ததும் கிளம்புவதும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்வதும் கட்டாயம் என்றே சொல்வேன்.

மற்றது படகு. வழக்கமாக ஒரு படகில் நான்கு பேர். மெலிந்து நீண்ட மரப்படகு, பின்னால் மோட்டார். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்து முக்கால் மணி நேரம் முன்பின் ஆகும். இறங்கிய பிறகு கால் மணியிலிருந்து அரை மணி நடை. இந்தப் படகுப் பயணமே பாதி சுகம். இரு கரையிலும் நெராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து, எதிரெதிர்க் கிளைகள் கோத்துக் கூரை போட்டிருக்கும். வெள்ளம் அடிக்கும் கரையில்தான் நெராம் வளரும். அதன் வேர்கள்தான் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. அதிகாலையில் போனால் பாராவ்-பாராவ் என்னும் மஞ்சள் தலைக் கொண்டைக்குருவியின் கொழித்த குரல் கேட்கலாம். கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே பல காடுகளில் இல்லாமல் போன பறவை. கேட்டால் படகோட்டியிடம் சொல்லி மோட்டாரை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

படகில் உட்காரும் முறை முக்கியம். அடிப்பலகையில் தாழ உட்கார வேண்டும். பாதுகாப்பு அங்கியின் கொக்கிகள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். விரல்களைப் படகின் விளிம்புக்கு வெளியே விடக் கூடாது, பாறையில் உரசினால் நசுங்கும். மழை குறைந்த மாதங்களில் அடி தட்டும், இறங்கித் தள்ளச் சொல்வார்கள். அப்போது நீர் வரும் பக்கமாக, அதாவது படகுக்கு மேற்புறமாக இறங்குங்கள். கீழ்ப்புறம் நின்றால், ஓட்டத்தில் படகு திரும்பி உங்களைப் பாறையோடு சேர்த்து அழுத்தும்.

காலணிக்குப் பெரிய செலவு வேண்டாம். உள்ளூர் வழிகாட்டிகள் பலர் போடுவது ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகிறவர்களின் காலில் பார்த்திருப்பீர்கள். அடியில் முள்முள்ளாகக் குமிழ்கள் இருக்கும், தண்ணீர் குடிக்காது, சேற்றில் பிடிக்கும். பாசி படிந்த ஈரப்பாறையில் மட்டும் எந்தக் காலணியையும் நம்பக் கூடாது. அங்கே பாதத்தை முழுதாகப் பதித்து, ஒரு கையைப் பாறையில் ஊன்றி நகருங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடையை அறுக்கும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் பாதை முழுக்க இருக்கும். தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலை நுனியில் காத்திருக்கும் வரிப்புலி அட்டை சுருக்கென்று கடிக்கும், இடுப்புக்கு மேலேயும் ஏறும். நெருங்கிப் பாருங்கள். பின்பக்க உறிஞ்சியால் இலையைப் பிடித்துக்கொண்டு உடம்பை நூலாக நீட்டி, உங்கள் மூச்சையும் உடற்சூட்டையும் தேடி இப்படியும் அப்படியும் துழாவும். ஒட்டிக்கொண்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் தோலோடு ஒட்டி நகத்தைச் செருகி நெம்புங்கள். பிறகு பருத்த முனை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது காயத்தில் விட்டுவிடுவதால், சிறு கடிதான் என்றாலும் நெடுநேரம் கசியும். பயப்பட வேண்டாம், சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தால் போதும். கணுக்கால் வரைக்குமான சாதாரணக் காலுறையின் இழைகளுக்கு நடுவே அட்டை நுழைந்துவிடும். முழங்கால் வரை வரும் நெருக்கமான அட்டைக் காலுறைதான் பயன்படும்.

இனி மடு. நீர் விழும் இடத்தில் நுரை வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். அதில் நீந்தாதீர்கள். நுரையில் பாதி காற்று, காற்று உடம்பைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே அமிழ்வார். ஓட்டம் அடங்கிய கீழ்ப்பகுதியில், கரையோரமாக இறங்குங்கள். ஓட்டம் இழுத்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும், ஆறு முதுகில் ஏறி அமுக்கும். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, கரையை நோக்கித் துடுப்புப் போட்டு வெளியே வாருங்கள். பாறையிலிருந்து குதிப்பது அடியோடு வேண்டாம். பழுப்புத் தண்ணீரில் ஒரு முழம் ஆழத்தில் இருக்கும் பாறைகூடத் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ‘கெப்பாலா ஆயர்’. தண்ணீரின் தலை என்று பொருள். மேலே மலையில் கொட்டிய மழை ஒரே மொத்தமாகத் திரண்டு ஆற்றில் இறங்கி வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். அதனால் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, ஆற்றைத்தான் பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் நீரும் பாறையும் தொடும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கல் நனைந்து, இரண்டு விரல் ஏறியிருந்தால் குளியல் முடிந்தது. காலையில் பார்த்த தெளிந்த பழுப்பு கலங்குவது, இலையும் சுள்ளியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வருவது, நீரின் இரைச்சல் தடித்து உறுமலாவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பைக்காகத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறுங்கள். பைகளை முதலிலேயே படகு நிற்கும் கரையில், உயரத்தில் வைத்திருந்தால் இந்தத் தடுமாற்றமே வராது. அக்கரைக்குப் போய்ப் படம் எடுக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படகோட்டி கிளம்பலாம் என்றால் காரணம் கேட்காமல் கிளம்ப வேண்டும்.

மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும். ஆகவே பசியாறியதும் முதல் படகு, மதியத்துக்குள் திரும்புதல் என்று வைத்துக்கொண்டால் அமைதியும் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கும். பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம். வெயில் களிம்போ கொசு மருந்தோ பூசிய உடம்போடு மடுவில் இறங்கவும் கூடாது. இதே ஆற்றில்தான் கெலா என்னும் ஆற்று மீனுக்குச் சரணாலயம் வைத்துக் காக்கிறார்கள்.

காலில் திறந்த புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். 2010இல் இதே பகாங்கில், லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கியவர்களில் சிலர் நீர்வழி நோய்த்தொற்றால் இறந்தார்கள். மடுவில் குளித்துத் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காட்டாற்றில் குளித்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், எலிக்காய்ச்சல் சோதனை தள்ளிப்போகும்.