பெயரைப் பார்க்காத பணம்

9 செப்டம்பர் 2024, திங்கள், திருப்பூர்

காலையில் நூல் லோடு வரவேண்டும், வரவில்லை. பத்தரை மணிக்கு மில்லுக்குப் போன் போட்டேன். “பேமெண்ட் இன்னும் வரலீங்களே அக்கா, வந்ததும் லோடு ஏத்திடலாம்” என்றார் அங்கே கணக்குப் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலமே 1,86,000 ரூபாயை, கணக்கிலிருந்து கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பும் நெஃப்ட்டில் அனுப்பியாகிவிட்டது. சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, நேற்று ஞாயிறு. இரண்டு நாளும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மெயிலைத் திறந்து பார்த்தேன். மில்லின் பில், அதே லெட்டர்ஹெட், அதே ஜிஎஸ்டி நம்பர், நாங்கள் கேட்ட அதே கவுண்ட் நூல், கிலோ கணக்குகூட சரி. கூடவே ஒரு வரி: ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் பணம் வாங்க முடியாது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றன. போன் திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

பணம் அனுப்பிய தம்பிக்கு வயது இருபத்து மூன்று. முகம் வெளுத்துப்போய் நின்றான். “பில்லை ஓகே பண்ணினது நான்தான், நீ உட்காரு” என்றேன். உண்மையும் அதுதான்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்தேன். மூன்றாவது முறை லைன் கிடைத்தது. எங்கள் கணக்கு நம்பர், போன கணக்கு நம்பர், தொகை, தேதி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாக இருக்கும் யூடிஆர் நம்பர் கேட்டார்கள். இந்த யூடிஆர் நம்பர் கையில் இல்லாமல் யாரும் போன் செய்யாதீர்கள். ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பரிமாற்றத்துக்கு நேரே இருக்கும். பேசி முடித்ததும் புகார் எண் எஸ்எம்எஸ்ஸாக வந்தது. அதை வைத்து சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்தேன். பில், மெயில், ஸ்டேட்மென்ட் எல்லாம் ஏற்றினேன்.

அப்புறம் வங்கிக்குப் போனோம். “நீங்களே அனுப்பினது மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார் கவுண்டரில் இருந்தவர். எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்காமல் நகரவில்லை. மதியம் 1.20.

10 செப்டம்பர், செவ்வாய்

தூக்கம் இல்லை. ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் என்ற கட்டத்தில் தம்பி மில்லின் பெயரைத்தானே அடித்தான்? அந்தக் கணக்கு மில்லின் கணக்கு இல்லையே, பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

சைபர் கிரைம் ஸ்டேஷனில் இருந்த எஸ்ஐ பொறுமையாகச் சொன்னார். நெஃப்ட், பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படுகிறது. நாம் அடிக்கும் பெயரை யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. யுபிஐயில் அனுப்பும்முன் எதிராளியின் பெயர் திரையில் வரும். லட்சக்கணக்கில் போகிற இந்த வழியில் வராது.

பதினைந்து வருஷமாகத் தொழில் செய்கிறேன். அந்தக் கட்டத்தில் பெயரை அடித்து, ஸ்பெல்லிங்கூட சரிபார்த்துத்தான் அனுப்புவேன். அது ஒரு காவல் என்று நம்பியிருந்தேன். இதை எழுதி எழுதித்தான் ஆறவேண்டும் போலிருக்கிறது.

13 செப்டம்பர், வெள்ளி

பணத்தில் 61,400 ரூபாய் முடக்கப்பட்டிருக்கிறது என்று தகவல். முதல் கணக்கிலிருந்து சனிக்கிழமை காலையிலேயே நான்கு கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்றில் எடுக்காமல் இருந்த தொகை இது. மீதி ஏடிஎம்மில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தால்! போலீஸ்காரர்கள் முதல் ஒரு மணி நேரம் என்று அடித்துச் சொல்வதன் காரணம் இப்போது புரிகிறது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தடவை, விடுமுறை நாளிலும் ஓடுகிறது. ஆனால் மூன்று நாள் கழித்துச் சொன்னதற்கே 61,400 நின்றிருக்கிறது. தாமதமாகிவிட்டது, இனி என்ன பிரயோஜனம் என்று யாராவது இருந்தால் தயவு செய்து அப்படி இருக்காதீர்கள்.

முதல் கணக்கு வடமாநிலத்துக் கல்லூரிப் பையன் ஒருவனுடையதாம். சில ஆயிரங்களுக்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டிருக்கிறான். கணக்கை வாடகைக்கு விடுவது என்கிறார்கள் இதை. நம் ஊர்ப் பிள்ளைகளையும் கேட்கிறார்களாம். உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே சொல்லிவையுங்கள், வழக்கு முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல்தான் வரும்.

24 செப்டம்பர், செவ்வாய்

வங்கியிலிருந்து கடிதம். பரிமாற்றம் வாடிக்கையாளரால் அனுமதிக்கப்பட்டது, ஆகவே வங்கி பொறுப்பல்ல.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை உட்கார்ந்து படித்தேன். நமக்குத் தெரியாமல், நம் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. வங்கி பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் நம் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. ஓடிபி மாதிரியானதை நாமே கொடுத்திருந்தால் புகார் சொல்லும்வரை ஆன நஷ்டம் நம்முடையது, சொன்னபிறகு ஆனது வங்கியுடையது. கார்டு திருட்டில் மாட்டியவர்கள் இதை மேற்கோள் காட்டியே கேட்கலாம்.

எங்களுடையது இதில் எதிலும் அடங்காது. ஏமாந்துபோய் நாமே அனுப்பிய பணத்துக்கு இந்த விதியில் இடம் இல்லை. நான் இப்போது வங்கியைக் கேட்டிருப்பது வேறு: 9ஆம் தேதி 1.20க்குக் கடிதம் கொடுத்தேன், பணம் போன வங்கிக்கு நீங்கள் எத்தனை மணிக்குத் தகவல் சொன்னீர்கள்?

10 அக்டோபர், வியாழன்

நேற்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் பணக்கொள்கை அறிவிப்பில் ஒன்று சொல்லியிருக்கிறார். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸிலும் அனுப்பும்முன் கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதி வரப்போகிறதாம். ஒரு மாதம் முந்தியிருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சந்தோஷம். இந்த ஊரில் தினமும் எத்தனை பார்ட்டிகளுக்கு எத்தனை நெஃப்ட் போகிறது!

லண்டனில் இருக்கும் அக்கா மகன் இன்னொரு செய்தி சொன்னான். பிரிட்டனில் இந்த 7ஆம் தேதி முதல் இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தந்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 85,000 பவுண்டு வரை. அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. தனிநபர்களுக்கு மட்டுமில்லை, எங்களைப் போன்ற குறுந்தொழில்களுக்கும் உண்டு. அந்த ‘வாங்கிய வங்கி பாதி’தான் என் மனசில் நிற்கிறது. வாடகைக் கணக்கைத் திறந்துவிட்ட வங்கிக்கும் கை சுட்டால்தானே, கணக்கு திறக்கும்போது கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்கள். நம் நாட்டுக்கும் இது வரவேண்டும்.

நாளை ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளி போனஸை எப்படியும் கொடுத்துவிடுவோம், நகை அடகு வைத்தாயிற்று.

27 அக்டோபர், ஞாயிறு

ரேடியோவில் பிரதமர், போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடி பற்றிப் பேசி, 1930 எண்ணையும் சொன்னார். செக்கிங்கில் இருக்கும் அக்காக்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால் எண்ணை சாக்பீஸால் சுவரில் எழுதிப் போட்டேன்.

நேற்று ஒருத்தன் போனில் வந்தான். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறானாம், 1,86,000மும் கிடைத்துவிட்டதாம், ‘ரிலீஸ் கட்டணம்’ 9,300 கட்டினால் மாலைக்குள் வந்துவிடுமாம். தொகை சரியாகத் தெரிந்திருந்தது. ஒரு நிமிடம் நம்பத்தான் தோன்றியது. வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்டேன். அப்படி எந்தக் கட்டணமும் கிடையாது. ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி இப்படி வருகிறார்கள்.

28 நவம்பர், வியாழன்

வங்கி பதில் வந்தது. எதிர் வங்கிக்குத் தகவல் போனது 11ஆம் தேதி மதியம். கடிதம் கொடுத்து இரண்டு நாள் கழித்து! இதை வைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் மனு போட்டேன். கட்டணம் இல்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ இங்கே வரலாம். முத்திரை போட்ட அந்த நகல்தான் முதல் இணைப்பு.

6 பிப்ரவரி 2025, வியாழன்

61,400 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது.

முடக்கியவுடன் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457, இப்போது புதிய சட்டத்தில் பிரிவு 503. புகார் நகல், முடக்கிய கணக்கின் விவரம், போலீஸ் அறிக்கை, ஸ்டேட்மென்ட் வைத்தோம். உத்தரவை அந்த வங்கிக்கு அனுப்பி, இரண்டு முறை நினைவூட்டி, இன்று வந்தது. பணம் முடங்கியதோடு ஓய்ந்துவிடாதீர்கள், மனு போட்டால்தான் அது நகரும். குறைதீர்ப்பாளர் மனு விசாரணையில் இருக்கிறது.

தம்பிக்கு முதலில் காட்டினேன். ஐந்து மாதத்துக்கு அப்புறம் அவன் சிரித்துப் பார்த்தேன்.

3 ஏப்ரல் 2025, வியாழன்

பெயர் பார்க்கும் வசதியை ஏப்ரல் 1க்குள் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. எங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கில் வந்துவிட்டது.

இன்று நூலுக்குப் பணம் அனுப்ப வேண்டும். செப்டம்பரிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: கணக்கு எண் புதிதோ பழசோ, பில்லில் இருக்கும் நம்பருக்கு இல்லாமல், நம் டைரியில் பழைய மையில் எழுதியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்பது. மில்காரருக்கு முதலில் சலிப்பாக இருந்தது. இப்போது போனை எடுத்ததும் அவரே நான்கு இலக்கத்தைச் சொல்லிவிடுகிறார்.

தம்பி எண்ணை அடித்தான். இரண்டு நொடி சுற்றியது. மில்லின் பெயர் முழுசாக வந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அனுப்பு என்றேன்.